சட்டப்படி நடந்ததைப் படமாக்குவது

இரண்டு வருடமாக ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நான், கேமராவைக் கையாளும் நண்பர், ஒலிப்பதிவுக்கும் எடிட்டிங்குக்கும் சேர்த்து ஒரு தோழி, மொத்தமே மூன்று பேர். எதைப் பற்றி என்று கேட்பவர்களிடம் மனித உரிமை மீறல் என்று சொன்னால் உடனே எந்த நாட்டில் என்பார்கள். தேர்தல் நடக்கிற, நீதிமன்றம் இருக்கிற, அரசைத் திட்டி எழுதினாலும் மறுநாள் பத்திரிகை வெளிவருகிற நாடுகளில் என்று பதில் சொன்னால் முகத்தில் ஒரு குழப்பம் வரும். "அங்கேயுமா?" எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். படத்தை முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் எனக்குள் வளர்ந்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

ஆரம்பத்தில் என் திட்டமும் வேறு மாதிரிதான் இருந்தது. முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்த காட்சிகள் தடியடி, கண்ணீர்ப் புகை, சிறைக் கதவு, சிதறி ஓடுகிற கூட்டம். உரிமை மீறல் என்றதும் கண்முன் வருவது அதுதானே. அவையும் நடக்கின்றன, இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் முதல் நேர்காணலுக்குப் போய் உட்கார்ந்த அன்றே அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். மைக்கை மாட்டிவிட்டு, "என்ன நடந்துச்சுன்னு முதல்ல இருந்து சொல்லுங்கம்மா" என்றேன். அவர் பேசவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தார். கவிழ்த்துக் கொட்டாமல், ஒவ்வொரு கடிதமாக எடுத்து மேஜைமேல் தேதிவாரியாக அடுக்க ஆரம்பித்தார். எல்லாம் ஓர் அரசு அலுவலகத்திலிருந்து வந்தவை. உறைகளைக்கூட அவர் தூக்கிப்போடவில்லை. பதில் சொல்ல 14 நாள் அவகாசம் என்று எழுதியிருந்த கடிதம் 11வது நாள்தான் கைக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு அந்த உறைமேல் இருக்கும் தபால் முத்திரை ஒன்றுதான் சாட்சி. மடிப்பு விழுந்த இடங்களில் காகிதம் துணி மாதிரி ஆகியிருந்தது. உதவித்தொகையைத் தவறுதலாக அதிகம் கொடுத்துவிட்டோம், முழுவதையும் திருப்பிக் கட்டுங்கள் என்பது முதல் கடிதம். எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று இவர் எழுதிக் கேட்டதற்கு வந்தது இரண்டாவது. அதில் இருந்த பதில், முதல் கடிதத்தைப் பார்க்கவும். இப்படியே ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் யாரும் அவரை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, நடுராத்திரியில் கதவைத் தட்டவில்லை. எல்லாக் கடிதமும் 'மதிப்பிற்குரிய' என்றுதான் தொடங்கியது.

சட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அநியாயம் செய்ய முடியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்தின் வழியாகவே, பிரிவு எண் போட்டு, கையெழுத்துப் போட்டு, மேல்முறையீட்டுக்கு முகவரியும் கொடுத்துச் செய்ய முடியும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு தேடத் தேட ஒரே மாதிரியான கதைகளாக வந்தன. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய பல்லாயிரம் பெற்றோர்களை வரித்துறை மோசடிக்காரர்களாக நடத்தியது. படிவத்தில் ஒரு சின்ன விடுபடல் இருந்ததற்காக முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டார்கள். யாரைச் சந்தேகிப்பது என்று பொறுக்கி எடுத்த கணினி முறையில், ஒருவர் டச்சுக் குடிமகனா இல்லையா என்பதும் ஒரு அளவுகோலாக இருந்தது. கடனில் மூழ்கி வீட்டை இழந்த குடும்பங்கள் உண்டு, பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு இடங்களில் வைக்கப்பட்ட பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேல். 2021 ஜனவரியில் அரசாங்கமே ராஜினாமா செய்தது. தேர்தல் முடிந்தபின் அதே பிரதமர்தான் மறுபடியும் வந்தார்.

ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' என்று பெயர். ஒருவருடைய ஒரு வருட வருமானத்தை எடுத்து, இரண்டு வாரத் துண்டுகளாகச் சமமாகப் பிரித்துப் போட்டது கணினி. ஆறு மாதம் வேலை பார்த்து, ஆறு மாதம் வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கியவர், இந்தக் கணக்குப்படி வருடம் முழுக்கச் சம்பளம் வாங்கியவராகத் தெரிவார். உனக்குக் கடன் இருக்கிறது, இல்லையென்றால் நீயே நிரூபி என்று கடிதம் போனது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் மாட்டினார்கள். இது நியாயமானதும் இல்லை, சட்டபூர்வமானதும் இல்லை என்று விசாரணை ஆணையம் சொன்னது 2023 ஜூலையில். நிரூபிக்கும் பாரத்தைத் தூக்கி எளியவர் தலையில் வைப்பது, இதுதான் எல்லாக் கதைகளிலும் வருகிற பொது அம்சம். பிரிட்டனில் சிறு வயதில் சட்டப்படி வந்து குடியேறி, அங்கேயே பள்ளிக்கூடம் போய், வேலை பார்த்து, வரி கட்டிய கரீபியன் தீவு மக்களிடம் நாற்பது ஐம்பது வருடம் கழித்து, நீ இங்கேதான் இருந்தாய் என்பதற்கு ஒவ்வொரு வருடத்துக்கும் ஆவணம் கொண்டுவா என்றார்கள். அவர்கள் வந்து இறங்கிய தேதியைக் காட்டக்கூடிய அட்டைகளை அரசே 2010ல் அழித்துவிட்டிருந்தது. இதைப் படித்தபோது அந்த அம்மா உறைகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. ஆனால் காகிதத்தை விட்டால் தனக்கு வேறு ஆள் இல்லை என்பது தெரிந்திருக்கிறது.

எனக்குத் தூக்கம் வராமல் செய்தது ஸ்லோவேனியா. 1991ல் யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து தனி நாடான பிறகு, மற்ற யுகோஸ்லாவியக் குடியரசுகளைச் சேர்ந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். விண்ணப்பிக்காதவர்கள், விண்ணப்பித்தும் மறுக்கப்பட்டவர்கள் என 25,671 பேரின் பெயர்களை 1992 பிப்ரவரி 26 அன்று நிரந்தரக் குடியிருப்பாளர் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒருவருக்கும் கடிதம்கூடப் போகவில்லை. ஏதோ ஒரு வேலையாக அலுவலகத்துக்குப் போன இடத்தில், அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த அதிகாரி அதில் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. வேலை போனது, மருத்துவக் காப்பீடு போனது, ஓய்வூதியம் போனது, சிலரை எல்லை தாண்டி அனுப்பியும் விட்டார்கள். அந்த மக்களை அங்கே 'அழிக்கப்பட்டவர்கள்' என்றே அழைக்கிறார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் இறுதித் தீர்ப்பு சொல்லும்போது 2012. இருபது வருடம்.

சரி, இதை எப்படிப் படம் எடுப்பது? ஒரு பெயர் பதிவேட்டிலிருந்து போவதற்கு ஒரு காட்சி கிடையாது. சத்தம் கிடையாது. ரத்தம் சிந்தினால் பார்ப்பவர் மனம் பதறும், பிரிவு எண்ணைப் பார்த்து யார் பதறுவார்கள்? நடிகர்களை வைத்து நடித்துக் காட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. நடிக்க ஆரம்பித்தால் அதிகாரிக்கு ஒரு வில்லன் முகம் வந்துவிடும், பார்ப்பவர்கள் அந்த முகத்தை வெறுத்துவிட்டு நிம்மதியாக எழுந்து போய்விடுவார்கள்.

கடைசியில் வழி காட்டியது அந்த அம்மாதான். ஒரு கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டோம். அலுவலக நடையில் எழுதிய அந்த வாக்கியங்களில் அவருடைய நாக்கு தடுக்கியது. 'மேற்படி தொகையானது தங்களால் மீளச் செலுத்தப்பட வேண்டியதாகக் கருதப்படுகிறது' என்பதை மூன்று தடவை முயன்றார். மூன்றாவது தடவை நிறுத்திவிட்டு, "இதுல யாரு கருதுறாங்க?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். ஒரு சட்ட நிபுணரை உட்கார வைத்து ஒரு மணிநேரம் பேசவைத்திருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. யார் செய்தது என்பதே இல்லாத வாக்கியம் அது. அதிலிருந்து படத்தில் வரும் எல்லோரையும் தங்களுக்கு வந்த கடிதங்களைத் தாங்களே படிக்கச் சொல்கிறோம். பின்னணி இசை இல்லை. காகிதம் பிரிகிற சத்தம், மூச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் காத்திருப்பு. ஒருநாள் அந்த அலுவலகத்தின் உதவி எண்ணுக்கு அந்த அம்மா போன் செய்ததை அப்படியே எடுத்தோம். 52 நிமிடம் அதே இசை, நடுநடுவே உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்கிற பதிவு செய்த குரல், பிறகு தொடர்பு துண்டிப்பு. அவர் அலுத்துக்கொள்ளவில்லை. நோட்டை எடுத்துத் தேதியும் நேரமும் குறித்துவிட்டு மறுபடி அழைத்தார். எடிட்டிங்கில் இதை 40 விநாடியாக்கலாம் என்றாள் தோழி, பார்ப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது அவள் கவலை, அதில் நியாயமும் இருக்கிறது. நான் மூன்று நிமிடம் வெட்டில்லாமல் வேண்டும் என்று நின்றேன். இரண்டு வாரம் பேசாமல்கூட இருந்தோம். இப்போதைக்கு மூன்று நிமிடம் இருக்கிறது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இந்த மீறல்களில் ஆயுதமே காலம்தான். ஜப்பானில் இவாவோ ஹகமாதா என்பவரை 1966ல் கொலைவழக்கில் கைது செய்தார்கள். அங்கே குற்றச்சாட்டு பதிவு செய்வதற்கு முன்பே 23 நாள்வரை பிடித்து வைத்து விசாரிக்கலாம், அறைக்குள் வக்கீல் கிடையாது. 1968ல் மரண தண்டனை. வெளியே வந்தது 2014ல், நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 2024 செப்டம்பரில். அவருக்காக அத்தனை வருடமும் போராடியது அவருடைய அக்கா ஹிதேகோ. விடுதலையான பிறகும் ஹகமாதா வீட்டுக்குள் அறை அறையாக மணிக்கணக்கில் நடந்துகொண்டே இருந்தாராம். அமெரிக்காவின் லூசியானாவில் ஆல்பர்ட் வுட்ஃபாக்ஸ் நாற்பது வருடங்களுக்கு மேல் தனிமைச் சிறையில் இருந்துவிட்டு 2016ல் வெளியே வந்தார். தொடர்ந்து 15 நாளுக்கு மேல் ஒருவரைத் தனிமையில் அடைக்கக் கூடாது என்று ஐ.நா.வின் மண்டேலா விதிகள் சொல்கின்றன. இந்தியாவில் பழங்குடி மக்களின் உரிமைக்காக உழைத்த பாதிரியார் ஸ்டான் சுவாமி 2020ல் கைதானபோது அவருக்கு 83 வயது, பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. அதற்குப் பதில் சொல்ல விசாரணை அமைப்பு 20 நாள் அவகாசம் கேட்டது. மறுவருடம் ஜூலை 5ல் காவலில் இருக்கும்போதே, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே இறந்தார். ஒரு குழலுக்கு 20 நாள் என்பதை எழுதும்போதே என் கை நின்றுவிடுகிறது. இதையெல்லாம் பரபரப்பான வேகத்தில் வெட்டி ஒட்டிக் காட்டினால் அது பொய்யாகிவிடும்.

இனி ஒப்புதல் படிவம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் படத்தில் நான் மிகவும் தப்பு செய்த இடம் அது. முதல் நாள் படப்பிடிப்பு முடிந்ததும் வழக்கம்போல படிவத்தை எடுத்து அந்த அம்மா முன்னால் நீட்டினேன். நாலு பக்கம், பொடி எழுத்து, உலகம் முழுவதும் எந்த ஊடகத்திலும் எக்காலத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை என்கிற வகையறா. எங்கோ கிடைத்த மாதிரிப் படிவத்தை அப்படியே அச்செடுத்திருந்தேன். அவர் அதைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "இதுல கையெழுத்து போடலைன்னா என்ன ஆகும் தம்பி?" என்றார். ஆறு வருடமாக ஒவ்வொரு காகிதத்தையும் பார்த்து அவர் கேட்டுப் பழகிய கேள்வி. அந்த நிமிடம் மேஜைக்கு அந்தப் பக்கம், அந்த அலுவலகத்தின் இடத்தில், நான் உட்கார்ந்திருந்தேன்.

1976ல் டல்லாஸில் ஒரு போலீஸ்காரரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ராண்டல் ஆடம்ஸ், 1988ல் வெளிவந்த 'தி தின் புளூ லைன்' என்ற ஆவணப்படத்தால் வழக்கு திரும்பி, மறுவருடம் விடுதலையானார். ஆவணப்படம் ஒரு மனிதரைச் சிறையிலிருந்து மீட்டதற்கு எல்லோரும் சொல்கிற உதாரணம் அது. வெளியே வந்தபிறகு, தன் வாழ்க்கைக் கதையின் உரிமை யாருக்கு என்று கேட்டு அவர் அதே இயக்குநர்மேல் வழக்குப் போட்டார் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. பேசி முடித்துக்கொண்டார்கள், உரிமை அவருக்கே போனது. அரசு எடுத்துக்கொண்டதைப் போராடி மீட்டவர் கேமராக்காரரிடமும் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

நாங்கள் படிவத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒரே பக்கத்தில், பேச்சுத் தமிழில், பெரிய எழுத்தில் புதிதாக எழுதினோம். கையெழுத்து ஒரு தடவையோடு முடிவதில்லை. எடுப்பதற்கு முன் ஒன்று, எடுத்த பிறகு ஒன்று, ரஃப் கட்டை, அதாவது முதல் கட்டமாக வெட்டி ஒட்டிய படத்தைப் பார்த்த பிறகு ஒன்று. மூன்றில் எந்த இடத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் அப்படிச் சொன்னார். தடுப்புக் காவலில் எட்டு மாதம் குற்றச்சாட்டே இல்லாமல் இருந்தவர், அவ்வளவு அழுத்தமாகப் பேசுகிறவர் எங்கள் படத்தில் வேறு யாரும் இல்லை. ரஃப் கட் பார்த்துவிட்டு, "என் பொண்ணு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கா, வேண்டாம்" என்றார். 11 நிமிடம் போனது. படத்தின் முதுகெலும்பு என்று நாங்கள் நினைத்திருந்த 11 நிமிடம். முகத்தை மறைக்கிறோம், குரலை மாற்றுகிறோம் என்றெல்லாம் வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அவர் பதிவுகளை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அவர் கண்ணெதிரிலேயே அழித்தோம், பிரதி இருந்த இடத்திலும் அழித்தோம். வருத்தமாகத்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. முகம் வரக்கூடாதவர்களை முதலிலிருந்தே முகம் வராமல் எடுங்கள், பிறகு மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், மூலப் பதிவு யார் கைக்குப் போகும் என்று தெரியாது. பதிவுகளைப் பூட்டுச்சொல் போட்டு, தனித்தனியாக இரண்டு இடத்தில் வையுங்கள். பெயர்ப் பட்டியலைப் பதிவுகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

மறுபக்கத்தையும் எடுக்க வேண்டும் என்பதில் மூன்று பேருமே உறுதியாக இருந்தோம். அலுவலகங்களுக்கு எழுதினோம், கருத்துச் சொல்ல இயலாது என்று பதில் வந்தது, அதையும் படத்தில் வைத்திருக்கிறோம். கடைசியில், இதே மாதிரிக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்ற ஒருவர் முகம் காட்டாமல் பேச ஒத்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் நாளுக்கு இத்தனை கோப்பு முடித்தாக வேண்டும் என்கிற இலக்கைப் பற்றிச் சொன்னார். சந்தேகம் இருந்தால் நிறுத்தி வைக்க ஒரு பொத்தானும் இருந்ததாம், ஆனால் அதை அழுத்தினால் மேலதிகாரிக்கு விளக்கம் எழுத வேண்டும். "இருபத்திரண்டு வருஷத்துல நான் கடுதாசி அனுப்பின ஆள் ஒருத்தரைக்கூட நேர்ல பார்த்ததில்ல சார்" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். தனக்கு யார்மேலும் வெறுப்பு இருந்ததில்லை என்றார், நான் அதை நம்புகிறேன். வெறுப்பே தேவைப்படாமல் இவ்வளவு சேதம் செய்ய முடிகிறது என்பதுதான் என்னைக் கலங்கவைக்கிறது.

மற்ற நாடுகளில் இதைவிட மோசம், அங்கே போய் எடுக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களும் உண்டு. மோசம்தான். இப்படி ஒரு படத்தை எடுத்தாலே உள்ளே தள்ளும் இடங்கள் இருக்கின்றன, அங்கே உயிரைப் பணயம் வைத்துப் படம் எடுப்பவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் பக்கத்து வீடு பற்றி எரிகிறது என்பதற்காக நம் வீட்டுக் கூரையில் பிடித்த தீயை விட்டுவைக்க முடியாது. தவிர, இந்தக் கடிதங்கள் நம் வரிப்பணத்தில், நம் ஓட்டில் வந்தவர்களின் கீழ், நம் பெயரில் போகின்றன. விசாரணை ஆணையம், தீர்ப்பு, மன்னிப்பு, இழப்பீடு என்று ஜனநாயகம் தன்னைத் திருத்திக்கொள்வதும் உண்மை. ஸ்லோவேனியாவின் குடியரசுத் தலைவர் 2022ல் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். படத்தை அப்படி ஒரு மன்னிப்போடு முடிக்கலாம் என்று ஒரு கட்டத்தில் நினைத்தோம், திரையில் வெள்ளை எழுத்தில் தீர்ப்புத் தேதி, மெல்லிய இசை. போட்டும் பார்த்தோம். முப்பது வருடம் கழித்து வந்த மன்னிப்பு ஏதோ எல்லாம் சரியாகிவிட்டது மாதிரித் தோன்றவைத்தது. எடுத்துவிட்டோம்.

போன மாதம் ரஃப் கட்டை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். லேப்டாப்பை அதே மேஜையில் வைத்துப் போட்டுக் காட்டினேன். தன் முகம் வந்தபோது அவரிடம் ஒரு அசைவும் இல்லை. கடிதங்களை அடுக்குகிற காட்சியில் மட்டும் நிறுத்தச் சொன்னார். ஏழாவது கடிதத்தையும் எட்டாவது கடிதத்தையும் நாங்கள் இடம் மாற்றி வெட்டியிருந்தோம், எங்கள் மூன்று பேர் கண்ணிலும் படவில்லை. "இது மார்ச் மாசம் வந்தது, அது மே" என்றார். குறித்துக்கொண்டேன். அவர் வழக்கு இன்னும் முடியவில்லை, அடுத்த விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது ஒப்புதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உறை இல்லையா தம்பி?"

நேரில் கொடுப்பதற்கு உறை எதற்கு என்று நான் யோசிப்பதற்குள் உள்ளே போய் அவரே ஒன்றை எடுத்துவந்து, அன்றைய தேதியை அதன்மேல் என்னையே எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். படிவத்தை மடித்து அதில் போட்டு, பையில் கடைசிக் கடிதத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.